கை ராசி இல்லனு சொல்றதுக்கு முன்னாடி பையோட அடிய பாருங்க

நம்ம தெருவுல போன வருஷம் ஏழெட்டு வீட்டுல மாடித்தோட்டம் போட்டாங்க, இப்ப ரெண்டு வீட்டுல தான் செடி இருக்கு, மத்த மாடியில எல்லாம் காஞ்ச மண்ணோட பை மட்டும் கிடக்குது. கேட்டா ஒரே பதில் தான், "எனக்கு கை ராசி இல்லங்க". கை ராசியாவது ஒண்ணாவது, நானே எத்தனையோ செடிய கொன்னு கொன்னு தான் கத்துக்கிட்டேன்.

சேலத்து வெயிலுக்கு செடி காஞ்சு தான் சாகும்னு நினைப்போம், ஆனா நான் பாத்ததுல பாதிக்கு மேல தண்ணி ஜாஸ்தியாகி செத்தது தான். பக்கத்து வீட்டு அக்காவோட கத்திரிச்செடி இலையெல்லாம் மஞ்சளா தொங்கிப்போச்சு, அவங்க பாவம் தண்ணி பத்தலைனு நினைச்சு காலைல ஒரு சொம்பு சாயந்திரம் ஒரு சொம்புனு ஊத்திட்டே இருந்தாங்க. நான் போய் பைய தூக்கி பாத்தா அடியில ஓட்டையெல்லாம் சேறு அடைச்சு தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, மண்ண கிளறினா சாக்கடை நாத்தம், வேர் வெள்ளையா இருக்க வேண்டியது பழுப்பாகி கைல எடுத்தா நூல் மாதிரி பிச்சிக்கிட்டு வருது. அவ்ளோதான், அந்த செடிய யாரும் காப்பாத்த முடியாது. அதனால பைய வெறும் தரையில வைக்காதீங்க, ரெண்டு செங்கல் மேல வைங்க, தண்ணியும் ஓடும், மாடிக்கும் ஈரம் இறங்காது. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி விரல ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள விடுங்க, ஈரம் ஒட்டுச்சுனா இன்னைக்கு ஊத்த வேணாம். சித்திரை வெயில்ல மதியம் இலை கொஞ்சம் வாடுறத பாத்து பயந்து குடத்த தூக்காதீங்க, சாயந்திரம் தானா நிமிரும்.

அடுத்தது மண்ணு. வெறும் செம்மண்ண போட்டு ரொப்புறாங்க, நாலு தடவ தண்ணி ஊத்தினா செங்கல் மாதிரி இறுகிடும், வேர் எங்க போகும்? ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு கோகோபீட் (தேங்கா நார் தூள்), இது போதும். ஆனா கோகோபீட் கட்டிய ஊறவெச்சு அப்படியே போடாதீங்க, அதுல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ அலசி பிழிஞ்சு போடணும். போர் தண்ணியும் உப்பு தான், பை விளிம்புல வெள்ளையா பூத்திருந்தா அது தான் அறிகுறி, முடிஞ்சா மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்கு செடிக்கும் ரெண்டு குடம் ஒதுக்குங்க.

பச்சை சாணி போடாதீங்க, சூட்டுக்கு வேர் வெந்துடும். நல்லா மக்கினது தான் போடணும். காய்கறி தோலும் அப்படியே தான், நேரா பையில கொட்டினா எறும்பும் ஈயும் தான் மிச்சம்.

பை சைஸ்ல கஞ்சத்தனம் வேணாம். கீரைக்கு அரை அடி ஆழம் போதும், தக்காளி கத்திரிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி வேணும், அதுலயும் ஒரு பைக்கு ஒரே செடி. ஈரத்தோட அந்த பை 20 கிலோவ தாண்டும், அதனால மாடி நடுவுல குவிக்காம சுவர் ஓரமா, கீழ பீம் ஓடுற பக்கமா வரிசையா வைங்க.

நான் பண்ணின பெரிய கூத்து ஏற்காடு தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி போயிட்டு வரும்போது ஒரு ஹைட்ரேஞ்சியா பூச்செடியும் ஒரு காபி நாத்தும் வாங்கிட்டு வந்து மாடியில வெச்சேன், பங்குனில, கேக்கவே வேணாம், மூணே வாரத்துல கருகிப்போச்சு. அது 1500 மீட்டர் உயரத்துல பனியில வளர்ற செடி, நம்ம காங்கிரீட் மேல வெச்சா எப்படி நிக்கும்? மலை மேல இருக்கற சொந்தக்காரங்களுக்கு கணக்கு தலைகீழ், அங்க மழையும் மூட்டமும் ஜாஸ்தி, கோகோபீட்ட குறைச்சு மணல் கொஞ்சம் சேத்தா தான் வேர் அழுகாது.

இன்னொண்ணு, பசங்களுக்கு லீவு விட்டாச்சுனு சித்திரைல ஆரம்பிக்கிறது. அந்த சூட்டுக்கு தக்காளி பூ வெச்சாலும் கொட்டிடும், நாமளும் வெறுத்துடுவோம். ஆடிப்பட்டம் தேடி விதைனு சும்மாவா சொன்னாங்க. எடுத்த எடுப்புல 20 பை வாங்காதீங்க, நாலு பை போதும், ரெண்டுல கீரை, ஒண்ணுல கத்திரி, ஒண்ணுல மிளகா. கீரை 25 நாள்ல பறிக்கலாம், அந்த ஒரு பொரியல் சாப்பிட்டா அடுத்த பை தானா வாங்குவீங்க.

மாவுப்பூச்சி வந்தா பதறாதீங்க, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு, சாயந்திரமா அடிங்க, வெயில்ல அடிச்சா இலை பொசுங்கும்.

ஆடி வரப்போகுது, என்கிட்ட தண்டுக்கீரை விதை நிறைய இருக்கு, வேணும்கறவங்க வாங்கிக்கோங்க. வரும்போது பழைய பக்கெட் எதாவது கிடந்தா எடுத்துட்டு வாங்க, அடியில ஓட்டை நானே போட்டு தரேன்.