டெண்டர் நிறைய நல்ல தண்ணீர்: கிளைப்பாதை நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்பாடு

ஒரு கிலோ கரி எரிந்தால் ஆறேழு லிட்டர் தண்ணீர் ஆவியாகும். அதனால் கரிக்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிதான் டெண்டர். மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ஒய்.பி. வகை எஞ்சினின் டெண்டர் 3,000 காலன் கொள்ளும். ஏறக்குறைய 13,600 லிட்டர். 1923-ல் திறந்த திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை சுமார் 61 கி.மீ. கிலோமீட்டருக்கு 120 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வழிக்கு 7,300 லிட்டர் வேண்டும். போகவர ஒரே டெண்டர் பத்தாது. இரண்டு முனையிலும் நிரப்ப வசதி வேண்டும்; வழியில் அவசரத்துக்கு இன்னொன்றும் இருப்பது நல்லது.

எந்தத் தண்ணீர் என்பதுதான் பெரிய கேள்வி. மலையிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. பாதை ஆற்றை ஒட்டிப் போகும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றுப்படுகையில் கிணறு இறக்கினால் மணலே பாதி வடிகட்டிக் கொடுத்துவிடும். கடலை நெருங்க நெருங்கக் கிணறுகள் உவர்க்கும். திருச்செந்தூர் நாழிக்கிணறு நல்ல தண்ணீர் தருகிறதே என்று பக்கத்தில் தோண்டுகிற கிணற்றையும் நம்பிவிட வேண்டாம்; ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். வீட்டில் பருப்பு வேக மறுக்கிற தண்ணீர் பாய்லருக்கும் ஆகாது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால், ஒரு டெண்டர் தண்ணீரோடு ஐந்தரைக் கிலோ சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான உப்பு பாய்லருக்குள் போகிறது. அது குழாய்களில் காரையாகப் படியும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தகடு சூடேறும். குழாய் முனைகள் ஒழுகத் தொடங்கும். சவர்த் தண்ணீரில் வேறு தொல்லை. பாய்லருக்குள் நுரை பொங்கி, ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும்.

வேறு வழியே இல்லையென்றால் தண்ணீரைத் தனித் தொட்டியில் பதப்படுத்துங்கள். கொதித்தும் போகாத நிரந்தரக் கடினத்தன்மை 100 மி.கி. இருந்தால் 1,000 லிட்டருக்குச் நீரற்ற சலவைச் சோடா (சோடா ஆஷ்) 106 கிராம். கொதித்தால் படிகிற கால்சியம் வகைக்கு நீற்றிய சுண்ணாம்பு 74 கிராம். நன்றாகக் கலக்கி, தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். அளவைக் கூட்டிப் போடாதீர்கள்; மிஞ்சிய காரமும் பாய்லரைக் கெடுக்கும்.

நாளைக்கு மூன்று முறை நிரப்ப 40,800 லிட்டர். பாய்லர் கழுவுவதற்கும் சேர்த்து 50,000 லிட்டர்த் தொட்டி கட்டுங்கள். ஆறு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 140 லிட்டர் வேண்டும். மொத்த உயரம் 22 மீட்டருக்குள் இருந்தால் 2 எச்.பி. மோட்டார் தாங்கும். கோடையில் கிணற்று மட்டம் பம்புக்கு ஆறு மீட்டருக்குக் கீழே இறங்குமானால் பம்பைக் கீழே இறக்கி வையுங்கள். வெளிக்குழாய் தொட்டியின் அடித்தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும், வண்டல் அடியில் தங்கும். அதைக் கழுவி விட அடியில் தனி வால்வு வையுங்கள். மேலே கூரை கட்டாயம். சித்திரை வெயிலில் இரும்புத் தொட்டித் தண்ணீர் கை சுடும் அளவு காய்ந்தால், நீராவியின் விசையால் பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர் அதை இழுக்காது.

பலரும் கோட்டை விடும் இடம் குழாய். ஐந்து நிமிடத்தில் டெண்டரை நிரப்ப வினாடிக்கு 45 லிட்டர் பாய வேண்டும். தொட்டியின் தரை தண்டவாளத்துக்கு 7 மீட்டர் மேலேயும், டெண்டருக்குத் தண்ணீர் ஊற்றும் தூணான வாட்டர் காலத்தின் வாய் 3.5 மீட்டர் மேலேயும் இருந்தால் கையில் இருப்பது 3.5 மீட்டர் உயர அழுத்தம். பழைய 8 அங்குலக் குழாய் 100 மீட்டருக்கு அதில் 1.7 மீட்டரைத் தின்னும். மீதி வளைவுக்கும் வால்வுக்கும் போதும். 6 அங்குலக் குழாயோ அதே ஓட்டத்துக்கு 7 மீட்டர் கேட்கும். அவ்வளவு அழுத்தம் இல்லாததால் தண்ணீர் மெல்ல வரும், வண்டி காத்துக் கிடக்கும். தொட்டியை உயர்த்துவதைவிடக் குழாயைப் பெரிதாக்குவதே மேல்.

நிரப்பும்போது வாட்டர் காலத்தின் வாயில் தொங்கும் கான்வாஸ் பையை டெண்டர் வாய்க்குள் விட்டு, அங்குள்ள சல்லடை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குளத்துப் பாசியும் மணலும் இன்ஜெக்டர் வரைக்கும் போனால் நடுவழியில் தண்ணீர் ஏறாது. வால்வைப் பத்து எண்ணி மெதுவாக மூடுங்கள்; சட்டென்று மூடினால் உள்ளே ஓடுகிற தண்ணீர் மோதி, பழைய வார்ப்பிரும்புக் குழாயின் ஈய இணைப்பு விட்டுப்போகும். பிறகு வாட்டர் காலத்தின் கையைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பிப் பூட்டுங்கள்.

இன்றைக்கு இந்தப் பாதை அகலப்பாதை, மேலே 25,000 வோல்ட் கம்பி. சிறப்பு ஓட்டத்துக்கு எந்த நீராவி எஞ்சினைக் கொண்டுவந்தாலும், மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை நிலத்தோடு இணைத்ததற்கு எழுத்து மூலம் அனுமதி வரும்வரை யாரும் டெண்டர் மேல் ஏறக் கூடாது, தண்ணீர் லாரியின் குழாயால் மேல்நோக்கிப் பீய்ச்சவும் கூடாது.