பெயிண்ட் பூசும் மரப் பறவைக்கு எந்த மரம்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிடைப்பதை வைத்து ஒரு செய்முறை

"பறவை செதுக்க மரம் வேணும்" என்று டிம்பர் டிப்போவில் கேட்டால் முதலில் தேக்கைத்தான் காட்டுவார்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் அது சரி. பெயிண்ட் பூசப்போகும் பறவைக்குத் தேக்கு வீண். காசு கொடுத்து வாங்கிய அழகான ரேகை பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடும். அதன் எண்ணெய்ப்பசையில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. உளியின் முனையும் சீக்கிரம் மழுங்கும். நமக்கு வேண்டியது வெளிறிய நிறம், நெருக்கமான சீரான நார், மிதமான மென்மை, நன்றாகக் காய்ந்த உடல். பார்க்க சாதாரணமாக இருக்கும் மரம்தான் இந்த வேலைக்கு உயர்ந்த மரம்.

படி 1: முதலில் பறவையை முடிவு செய்யுங்கள்

கையில் கிடைத்த கட்டைக்கு ஏற்பப் பறவையைத் தேடுவது தலைகீழ் வேலை. தொடக்கத்துக்கு மணிப்புறா, கௌதாரி மாதிரி உருண்ட உடல், குட்டை அலகு உள்ளதை எடுங்கள். மீன்கொத்தியின் நீண்ட அலகும் கொண்டலாத்தியின் கொண்டையும் மெல்லிதாகச் செதுக்கினாலும் உடையாத மரம் கேட்கும், அவை இரண்டாவது வருஷத்துக்கு. கால்களை மரத்தில் செதுக்கவே வேண்டாம். 2 மி.மீ. ஜி.ஐ. கம்பி போதும்.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் தேர்வு குமிழ். வெளிர் மஞ்சள் நிறம், லேசான எடை, காயும்போது அதிகம் சுருங்காது, முறுக்காது. உளி வழுக்கிக்கொண்டு போகும். விவசாயிகள் தோட்டங்களில் நட்டு வளர்ப்பதால் அறுவை மில்களில் சொல்லிவைத்தால் கிடைக்கும்.

வெட்பாலை இதைவிட நைஸானது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகள் பெயர் வாங்கியது இந்த மரத்தில்தான். கிட்டத்தட்ட வெள்ளை நிறம், நார் தெரியாத அளவுக்கு நெருக்கம், சின்ன இறகுக் கோடுகூட உடையாமல் நிற்கும். அடிமரம் பெரும்பாலும் ஒல்லியாக இருப்பதால் தேன்சிட்டு, சிட்டுக்குருவி அளவுக்குத்தான் கட்டை தேறும்.

மாமரம் நம் பக்கம் தாராளம். கிருஷ்ணகிரியில் பழைய தோப்புகளைக் கழிக்கும்போது மலிவாகவே கிடைக்கும். ஆனால் குறை தெரிந்து வாங்க வேண்டும். நார் சில இடங்களில் எதிரும் புதிருமாக ஓடும், அங்கே உளி வைத்தால் சிலும்பும். துளைகள் பெரியவை, அடைக்காமல் பெயிண்ட் அடித்தால் ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தெரியும். அறுத்து ஈரத்தோடு அடுக்கினால் நீலம் பாய்ந்துவிடும். நீலக்கறை பெயிண்டில் மறையும், வலுவையும் பெரிதாகக் குறைக்காது. புழு அப்படியல்ல. அதைப் படி 5-இல் பார்ப்போம்.

மலைவேம்பு லேசானது, பழக நல்லது, ஆனால் நார் முரடு, நுணுக்கமான இறகு நிற்காது. வேம்பின் நார் ஒரு அடுக்கில் இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கில் அந்தப் பக்கமும் சாய்வதால் புதியவர் கையைச் சோர்வாக்கும். தைலமரம் காயும்போது வெடிக்கும். புளி, கருவேலம் உளியைத் தின்னும்.

ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பைன் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகைகளை நிறையப் பேர் வாங்குகிறார்கள். அதில் ஒரு வரி கடினம், அடுத்த வரி பஞ்சு. உப்புத்தாள் தேய்த்தால் பஞ்சு வரி மட்டும் பள்ளமாகி அலை அலையாகத் தெரியும், பெயிண்டுக்கு மேலும் தெரியும். கணு இருந்தால் பிசின் கசிந்து மஞ்சள் கறை வரும். பழக்கத்துக்கு மட்டும் எடுங்கள். முத்திரையில் 'எச்.டி' (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. 'எம்.பி' (MB) என்றிருந்தால் விஷவாயு ஏற்றியது, அதைத் தொடாதீர்கள்.

சந்தனம், செம்மரம் பக்கமே போக வேண்டாம். காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் கிளையையும் அனுமதியின்றி எடுக்கக்கூடாது.

படி 3: கடையில் சோதிப்பது

கூர்மையான பேனாக்கத்தி ஒன்று கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பலகையின் வெட்டுமுகத்தில், நாருக்குக் குறுக்கே, ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். வெட்டிய இடம் வழவழப்பாக மின்னினால் நல்ல மரம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். நகத்தை அழுத்தினால் லேசான தடம் விழ வேண்டும். ஆழமாகப் பதிந்தால் அலகு நிற்காது, தடமே விழாவிட்டால் கை வலிக்கும்.

மரத்தின் நடுப்புள்ளி உள்ள துண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மரம் காயும்போது வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடுவைச் சுற்றி முழு வளையம் இருந்தால் அந்த இழுப்புக்குப் போக்கிடமில்லை, விரிசல் விட்டே தீரும். அது பெரும்பாலும் செதுக்கி முடித்த பிறகு மார்பின் குறுக்கே வரும்.

படி 4: மரம் காய்ந்ததா என்று பார்ப்பது

பச்சை மரமாக வாங்கினால் அன்றே இரண்டு வெட்டுமுகங்களிலும் ஃபெவிகாலோ பழைய பெயிண்டோ கனமாகப் பூசுங்கள். பக்கவாட்டைவிட முனைவழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும், அதனால்தான் முனையில் முதலில் வெடிக்கிறது. பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள குச்சிகள் வைத்து, வெயில் படாமல் காற்றோடும் இடத்தில் அடுக்குங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் ஊர் மாசி முதல் வைகாசி வரையிலான வறட்சியில் மென்மரம் அதைவிடச் சீக்கிரம் காயும், ஐப்பசி மழையில் நின்றுவிடும்.

காய்ந்ததா என்று ஊகிக்க வேண்டாம். பலகையின் நடுவிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் நிறுத்து, ஓவனில் 100 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 56 கிராம் 50 ஆனால், குறைந்த 6-ஐ 50-ஆல் வகுக்க 12 சதவீத ஈரம். அதற்கு மேல் இருந்தால் செதுக்காதீர்கள்.

படி 5: புழுவுக்கு மருந்து

பலகையில் ஊசி முனை அளவு ஓட்டையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. வைரமில்லாத வெளுத்த பகுதியிலுள்ள மாவுச்சத்துக்காகத்தான் அது வருகிறது, மாமரத்தில் இது சகஜம். ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 20 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, அறுத்த சூட்டோடு பச்சைப் பலகையை ஊறவைப்பதே பலன் தரும். காய்ந்த மரத்தில் பூசினால் மேலோடு நின்றுவிடும். குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கு இந்த மருந்து வேண்டாம்.

படி 6: கட்டை தயார் செய்வது

மூன்று அங்குலக் கட்டை முழுதாகக் காயக் காத்திருக்க வேண்டாம். காய்ந்த ஒரு அங்குலப் பலகைகள் மூன்றை இழைத்து, நார் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். சுமார் 18 செ.மீ. நீளத்தில், நிஜத்தைவிடச் சிறிய மணிப்புறா ஒன்று அடங்கும்.

நார் அலகிலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓட வேண்டும். அலகில் நார் குறுக்கே ஓடினால் கடைசி உப்புத்தாளில்தான் 'டக்' என்று போகும். தலை பக்கவாட்டில் திரும்பிய பறவையென்றால் தலையைத் தனித் துண்டில், அலகின் திசையில் நார் வைத்துச் செதுக்கி, கழுத்தில் 6 மி.மீ. மூங்கில் ஆணி அடித்து ஒட்டுங்கள்.

படி 7: மீதித் துண்டில் பெயிண்ட் சோதனை

அதே பலகையின் மீதித் துண்டை 120, 180, 320 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் நார் எழும். காய்ந்ததும் 320-ஆல் மறுபடி தேயுங்கள். மாமரமென்றால் சாக்பவுடரும் ஃபெவிகாலும் குழைத்துத் துளை அடையுங்கள். பிறகு சேண்டிங் சீலர் (மரத்தை மூடும் அடிப்பூச்சு) மெல்லிசாக இரண்டு கோட், வெள்ளை பிரைமர் ஒரு கோட், அக்ரிலிக் பெயிண்ட். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மஞ்சள் கசிந்தால் இன்னொரு கோட் சீலர் வேண்டும். நகத்தால் சுரண்டி பெயிண்ட் உரிந்தால் மரத்தில் ஈரமோ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது, அந்தப் பலகையைத் திரும்பக் குச்சி வைத்து அடுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.