எல்.பி. தட்டைக் கணினியில் ஏற்றும் முன்

பழைய எல்.பி. இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்க உட்காருகிறவர்கள் முதலில் மென்பொருளைத்தான் தேடுவார்கள். பார்க்க வேண்டியது ஊசியை. பிளேயரை ஆடாத, மட்டமான மேசையில் வையுங்கள். ஸ்பீக்கர் அதே மேசையில் வேண்டாம். அதிர்வு ஊசி வழியாகப் பதிவில் ஏறிவிடும். ஊசி தட்டை அழுத்தும் எடை, கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தியிருக்கும் தலைப்பகுதி) சொன்ன அளவில் இருக்கட்டும், பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம். குறைத்தால் தட்டு தேயாது என்று நானும் நம்பியிருந்தேன். எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளித்தான் கெடுக்கும்.

பிளேயரை நேராகக் கணினியில் செருகினால் சத்தம் ஈனமாக, பாஸே இல்லாமல் கேட்கும். தட்டில் பள்ளம் வெட்டிப் பதியும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்ய நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். சில பிளேயர்களில் அது உள்ளேயே உண்டு, பின்பக்க ஸ்விட்சை 'லைன்' பக்கம் தள்ளினால் போதும்.

ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சத்தமான இடத்தை ஒருமுறை ஓடவிட்டு, மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஃபைலாகப் பதிந்துவிட்டு அப்புறம் பாட்டுப் பாட்டாக வெட்டலாம்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 ஆர்.பி.எம். தட்டா? எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள். பள்ளம் அகலம், அதற்குத் தனி ஊசி.