கடையில் வசனம் மாட்டும் முன்: புதிதாகக் கடை திறக்கும் கிறிஸ்தவர்களுக்கு

நாகர்கோவில், பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி என்று எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் எபெனேசர், பெத்தேல், ஷாலோம், கிருபா என்ற பெயர்களில் நாலைந்து கடைகளாவது கண்ணில் படும். உள்ளே போனால் கல்லாவுக்குப் பின்னால் வசனப் படம் இருக்கும், கத்தோலிக்கர் கடை என்றால் சின்ன பல்பு எரிகிற வேளாங்கண்ணி மாதா படம், டிசம்பர் பிறந்தால் வாசலில் ஸ்டார். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இதுதான்: நம் விசுவாசத்தை எந்த அளவுக்குக் காட்டலாம், வேறு மதத்து வாடிக்கையாளர் மனம் கோணாதா? காட்டலாம், தாராளமாகக் காட்டலாம். ஆனால் வசனத்தைச் சுவரில் மாட்டிய நிமிடத்திலிருந்து, கடைக்கு வருகிறவர் உங்களை அந்த வசனத்தை வைத்துத்தான் அளப்பார். அதனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை ரொம்ப முக்கியம். பெயிண்டரைக் கூப்பிடுவது கடைசி வேலை.

முதலில் தராசு

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. வியாபாரிக்கென்றே எழுதிய வசனம், ஆனால் கடைச் சுவரில் இதை மாட்டியவர்கள் குறைவு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை அரசு முத்திரை வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் அதைப் பார்க்கிறது. தேதி தவறாமல் வாங்கி, சான்றிதழை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டுங்கள். எடை காட்டும் எண்கள் வாங்குகிறவர் பக்கமும் தெரியட்டும். இனிப்பு, பலகாரம் விற்கிறீர்கள் என்றால் அட்டைப்பெட்டியின் எடையைக் கழித்துவிட்டு நிறுங்கள், ஏனென்றால் கிலோ ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் அல்வாவின் விலைக்கு அட்டையையும் சேர்த்து விற்பது எல்லா ஊரிலும் நடக்கிற விஷயம், அது வாங்குகிறவருக்கும் தெரியும். குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்குவதும் அப்படித்தான். சட்டப்படி தவறு, வசனப்படியும் தவறு.

ஆள் பார்த்து விலை சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேரம் பேசாமல் எதையும் வாங்க முடியாத காலத்தில், குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் மட்டும் ஒரே விலை சொல்லி விற்றார்கள். கடைசியில் விற்க நினைக்கும் விலையைவிட அதிகம் சொல்வது பொய், "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற இயேசுவின் வார்த்தைக்கு விரோதம் என்பது அவர்கள் எண்ணம். ஆரம்பத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற பெயர் வந்து கூட்டம் அவர்கள் கடைக்கே திரும்பியது. கேட்பரி சாக்லேட் குடும்பம் இந்தப் பாரம்பரியத்தில் வந்ததுதான். சாராயத்துக்கு மாற்றாகத்தான் கோகோ பானத்தை விற்றார்கள், 1879-ல் பர்மிங்ஹாமுக்கு வெளியே போர்ன்வில்லில் தொழிற்சாலையைக் கட்டி, பிற்பாடு அதைச் சுற்றித் தோட்டத்தோடு வீடுகளும் கட்டினார்கள். அவர்கள் விசுவாசம் ஊருக்குத் தெரிந்தது விலையிலும் வேலைக்காரர்களை நடத்திய விதத்திலும்தான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சோதனை உண்டு. "பிரதர், நம்ம சபைதானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று வருவார்கள். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் போட்ட விலையையே போடுங்கள். பக்கத்தில் நிற்கிற முருகபக்தருக்கு ஒரு விலை, ஆலயத்துக்கு வருகிறவருக்கு ஒரு விலை என்றால், உங்கள் கடையில் இயேசுவைப் பற்றி அவர் தெரிந்துகொண்டது அந்த வித்தியாசம்தான். ஏழைக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா, எந்த மதமானாலும் ஏழை என்பதற்காகக் கொடுங்கள்.

வேலை செய்கிறவர்கள்

கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் எச்சரிக்கிறது. சம்பளத் தேதி தள்ளிப்போகிற கடையில் வசனப்பலகை வேண்டாம், கழற்றிவிடுங்கள். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை வைக்கிறவர்கள் விற்பனைப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் போடுங்கள். 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி அதை உரிமையாகவே ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் கடை திறக்கும்போது ஜெபம் பண்ணுவது நல்ல பழக்கம். அதற்கு வந்துதான் ஆக வேண்டும் என்று இந்துப் பையனையோ முஸ்லிம் பெண்ணையோ நிறுத்தாதீர்கள், வராதவர் மேல் மனதுக்குள்கூட ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளி கொண்டாடுகிறவருக்குத் தீபாவளிக்கு போனஸ் கொடுங்கள், கிறிஸ்துமஸ் வரை காக்க வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற கோழி பர்கர் உணவகங்கள் ஞாயிறு திறப்பதில்லை. நிறுவனர் ட்ரூயட் கேத்தி 1946-ல் அட்லாண்டா பக்கம் ஹேப்வில்லில் ஆரம்பித்த சின்ன ஹோட்டலிலேயே அந்த வழக்கம் தொடங்கிவிட்டது, இத்தனை பெரிதாக வளர்ந்த பிறகும் மாறவில்லை. ஒரு வார்த்தை போதிக்காமல், பூட்டிய கதவால் சொன்ன சாட்சி அது. நீங்களும் ஞாயிறு பூட்டலாம். ஆனால் இறைச்சி, சலூன், ஜவுளி இவற்றுக்கு ஞாயிறுதான் முக்கிய வியாபாரம், எனவே கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள், முடிவெடுத்தால் சீசன் வந்தாலும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் பூட்டி ஒரு வாரம் திறந்தால் வாடிக்கையாளர் குழம்பிப்போவார். வாசலில் எழுதி வையுங்கள், கூகுள் மேப்பிலும் விடுமுறை என்று போடுங்கள், சனிக்கிழமை வருகிறவரிடம் "அண்ணாச்சி, நாளைக்கு லீவு, வேண்டியதை இன்னிக்கே வாங்கிக்கோங்க" என்று சொல்லுங்கள். முழு நாள் பூட்ட முடியாதவர்கள் ஆராதனை முடிந்து பதினொரு மணிக்குத் திறக்கிறார்கள், அதுவும் நல்ல வழிதான். மெடிக்கல் ஷாப் என்றால் அவசரத்துக்கு ஒரு போன் நம்பராவது கதவில் இருக்கட்டும்.

பலகை, பை, காலண்டர்

இப்போது பெயிண்டரைக் கூப்பிடலாம். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. ஒரே ஒரு வசனம் போதும், வேதாகமத்தைத் திறந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகு எழுதக் கொடுங்கள், வசன எண் தப்பாகிப்போன பலகைகள் நிறைய. பயமுறுத்துகிற வசனத்தைக் கடைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" போல நன்றி சொல்கிற வசனம் என்றால் யார் மனதும் கோணாது.

பை, கவர், கப், டிஷ்யூ இதெல்லாம் குப்பைக்குப் போகிற பொருள். அதில் இயேசுவின் படமோ மாதா படமோ கண்டிப்பாக வேண்டாம், மீன் சுற்றிய கவரில் அந்த முகம் சாக்கடையில் மிதப்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. கலிஃபோர்னியாவின் இன்-என்-அவுட் பர்கர் கடைக்காரர்கள் இதை அழகாகச் செய்கிறார்கள். குளிர்பானக் கப்பின் அடியில் யோவான் 3:16 என்று வசன எண்ணை மட்டும் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள், 1980களிலிருந்து இது நடக்கிறது. தெரிந்தவர் புரிந்துகொள்வார், ஆர்வம் வந்தவர் தேடிப் பார்ப்பார், மற்றவரை அது தொந்தரவு செய்யாது. இதற்கு நேர்மாறானது அலாஸ்கா ஏர்லைன்ஸ் கதை. சாப்பாட்டுத் தட்டோடு சங்கீத வசனம் அச்சிட்ட அட்டையைப் பல வருடம் கொடுத்துவந்தார்கள், பயணிகளின் புகார்கள் வரவே 2012-ல் நிறுத்திவிட்டார்கள். நடுவானில் தட்டோடு வருவதை வேண்டாம் என்று சொல்லப் பயணிக்கு வழியில்லை. ஆகவே சுவிசேஷக் கைப்பிரதியைப் பைக்குள் சொருகாதீர்கள். கல்லா பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

காலண்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கடைக்காரரின் விசுவாசம் வருடம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரில் தொங்குவது அதில்தான். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும், தீபாவளிக்கு முன்பே ஆர்டர் கொடுத்தால் அவசரப்பட வேண்டாம். தினத்தாளில் வசனம் போட்ட கிறிஸ்தவக் காலண்டரை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால், முகூர்த்த நாளும் ராகுகாலமும் பார்க்கிற வீட்டில் அது பரணுக்குப் போய்விடும். இரண்டு வகை அடியுங்கள். கிறிஸ்தவ வீட்டுக்கு வசனத் தாளோடு ஒன்று, மற்றவர்களுக்குப் பூ, இயற்கைக் காட்சி என்று பொதுவான படத்தோடு, கீழே உங்கள் கடைப் பெயரும் ஒரு சின்ன வாழ்த்து வசனமும் போட்ட மாதக் காலண்டர். ராகுகாலம் போட உங்கள் மனசாட்சி இடம் தராது என்றால் போட வேண்டாம், பெரிய கட்டத்தில் தேதி தெளிவாக இருந்தாலே பால் கணக்கு எழுதவாவது மாட்டுவார்கள்.

பாட்டு என்றால் மெதுவாக, கடைக்குள் மட்டும். தெருப்பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பாதீர்கள். பதிவுசெய்த பாடலைக் கடையில் ஒலிக்கவிட உரிமம் தேவைப்படும், பக்திப் பாட்டு என்பதால் விலக்கு கிடைத்துவிடாது.

பேச்சும் ஜெபமும்

தினமும் வருகிற அக்கா ஒரு நாள், மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்வார். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் "உங்க பையனுக்காக ஜெபிச்சுக்கிறேங்க்கா" என்று சொல்வதில் தவறே இல்லை, பெரும்பாலும் கண் கலங்கிவிடுவார்கள். சொன்னால் செய்யுங்கள். பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ராத்திரி ஜெபியுங்கள், அடுத்த முறை வரும்போது பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். வரிசையில் நாலு பேர் நிற்கும்போது தலையில் கை வைத்து ஜெபிக்கக் கிளம்பாதீர்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: ஜெபம் பண்ணுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தலாம் என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். உயிர் போகும்.

தாண்டக்கூடாத கோடுகள்

மதத்தின் பெயரால் யாரையும் கடைக்குள் வரக்கூடாது என்று தடுக்க முடியாது, அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே அதைத் தடுக்கிறது. நம் மதத்தைக் கடைப்பிடிக்கவும் எடுத்துச் சொல்லவும் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நம் கடை. ஆலயத்துக்கு வந்தால் தள்ளுபடி, ஜெபக்கூட்டத்துக்கு வந்தால் இலவசம் என்று எதையும் அறிவிக்காதீர்கள். உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களின் மதமாற்றச் சட்டங்களில் ஆசைகாட்டுவது குற்றம், அங்கெல்லாம் கிளை வைத்திருப்பவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் விசுவாசத்துக்கு விலை ஒட்டுவது அசிங்கம்தான்.

பெயரை டிரேட்மார்க் பதிவு செய்ய நினைத்தால், ‘வேதாகமம்’, ‘பைபிள்’ என்று புனித நூலின் பெயரையே பிராண்டாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரை ஒருவர் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது, புனித நூல் எதுவானாலும் அதே நியாயம்தான் வரும்.

அப்புறம், புகார். அமெரிக்காவில் ஹாபி லாபி என்ற கைவினைப்பொருள் கடை நிறுவனம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தோறும் பத்திரிகைகளில் முழுப்பக்கத்துக்கு இயேசுவைப் பற்றி விளம்பரம் கொடுக்கும். அதே நிறுவனம் ஈராக்கின் பழங்காலக் களிமண் பலகைகளை, ஓடு மாதிரிகள் என்று பொய்ச் சீட்டு ஒட்டி வந்த பார்சல்களில் இறக்குமதி செய்த வழக்கில், 2017-ல் ஆயிரக்கணக்கான பொருட்களை ஒப்படைத்து 30 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. உலகம் முழுக்கச் செய்தியில் அந்த விசுவாசமும் சேர்ந்தே அடிபட்டது. உங்கள் கடையிலும் ஒரு நாள் யாராவது கெட்டுப்போன பொருளோடு வந்து, "வசனம் எழுதி வச்சுட்டு இப்படியா பண்றீங்க" என்று கத்துவார். பில்லைக் கேட்டு வாக்குவாதம் பண்ணாதீர்கள். பணத்தையோ மாற்றுப் பொருளையோ உடனே கொடுங்கள், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள், அன்றைக்கே அந்தச் சரக்கு முழுவதையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அதே சரக்கை ஏற்கெனவே வாங்கிப்போனவர்களின் போன் நம்பர் இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.