நிகழ்வெண் அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதம் அல்ல, எண்ணிக்கை

200 பேரிடம் வயது கேட்கிறோம். 20 பேர் சொல்லவில்லை. அவர்களுக்கு 99 என்று குறியிடுகிறோம். சொன்ன 180 பேரின் சராசரி வயது 35. மென்பொருளோ 41.4 என்று தருகிறது, ஏனென்றால் அந்த 99-ஐயும் வயதாகவே கூட்டிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வராது. தரவைச் சுருக்கிச் சொல்லும் விவரணப் புள்ளியியலில் எளிதில் நடக்கும், எளிதில் கண்ணில் படாத தவறு இது.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் 'வேரியபிள் வியூ' பக்கத்துக்குப் போய், அந்த மாறியின் (இங்கே வயது) 'மிஸ்ஸிங்' கட்டத்தில் 99-ஐ விடுபட்ட மதிப்பாகப் பதிய வேண்டும். வயதுக்கு 99 என்ற குறியே நல்ல தேர்வல்ல, 99 வயதுள்ளவரும் இருக்கலாம். 999 அல்லது -9 போல உண்மையில் வரவே முடியாத எண்ணை வையுங்கள். எந்தச் சராசரியையும் படிக்கும் முன் சிறும, பெரும மதிப்புகளைப் பாருங்கள். தப்பிவந்த குறியீடு பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஸ்டாட்டா என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது விடுபட்ட மதிப்பை எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதும். 'வருமானம் 50,000-க்கு மேல்' என்று நிபந்தனை போட்டால் வருமானமே சொல்லாதவர்களும் அந்தக் குழுவில் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது, எந்த எண்ணிக்கையால் வகுத்து வந்த சதவீதம் என்ற கேள்வி. 200 பேரில் 90 பேர் ஆம், 70 பேர் இல்லை, 40 பேர் பதிலே தரவில்லை என்று கொள்வோம். ஒவ்வொரு பதிலும் எத்தனை முறை வந்தது என்று காட்டும் எஸ்பிஎஸ்எஸ் நிகழ்வெண் அட்டவணையில் 'ஆம்' வரிசையில் 'பர்சென்ட்' 45.0 என்றும், 'வேலிட் பர்சென்ட்' 56.3 என்றும் இருக்கும். இரண்டும் சரி, முதலாவது 200-ஐ வைத்தும் மற்றது 160-ஐ வைத்தும் வந்தவை. 'மக்களில் 56 விழுக்காட்டினர்' என்று எழுதிவிட்டு 40 பேரின் மௌனத்தை மறைப்பதுதான் தவறு. எதை எடுத்தாலும் அதன் எண்ணிக்கையை அருகிலேயே எழுதிவிடுங்கள்.

ஆர் என்ற நிரல்மொழியின் 'டேபிள்' கட்டளையும் பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற தொகுப்பு தரும் 'வேல்யூ கவுண்ட்ஸ்' கட்டளையும் விடுபட்டவற்றைச் சொல்லாமலே விட்டுவிடும். முன்னதில் 'யூஸ் என்ஏ' தெரிவையும் பின்னதில் 'டிராப் என்ஏ' தெரிவையும் மாற்றினால்தான் அவை அட்டவணையில் வரும்.

எஸ்பிஎஸ்எஸ்-இன் 'டிஸ்கிரிப்டிவ்ஸ்' அட்டவணையில் கடைசி வரியாக 'வேலிட் என் லிஸ்ட்வைஸ்' என்று ஓர் எண் வரும். பலர் அதையே மாதிரி அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலிலுள்ள எல்லா மாறிகளுக்கும் முழுமையாகப் பதில் தந்தவர்களின் எண்ணிக்கை அது. மேலே ஒவ்வொரு சராசரியும் அந்தந்த வரியின் எண்ணிக்கையில் கணக்கிடப்பட்டது. முன்பு போட்ட 'வெயிட்' (எடையிடல்) அல்லது 'ஃபில்டர்' (வடிகட்டல்) அணைக்கப்படாமல் இருந்தாலும் எண்ணிக்கை மாறும். அவை இயங்குகின்றனவா என்பது சாளரத்தின் கீழ்ப்பட்டையில் தெரியும்.

பெயரளவு மாறிக்கு, அதாவது எண் வெறும் பெயராக மட்டும் நிற்கும் மாறிக்கு, சராசரி எடுக்காதீர்கள். மாவட்டங்களுக்கு 1 முதல் 30 வரை குறியிட்டிருந்தால் அவற்றின் சராசரிக்குப் பொருளே இல்லை. 0, 1 என்று குறியிட்ட மாறி மட்டும் விலக்கு: அதன் சராசரி 1 என்று பதிந்தவர்களின் விகிதம். ஆர் மொழியில் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. 'ஃபேக்டர்' என்ற வகைப்பாட்டு வடிவில் இருக்கும் 10, 20, 50 என்ற மதிப்புகளை நேரடியாக எண்ணாக மாற்றினால் 1, 2, 3 என்று வரிசை எண்களே கிடைக்கும். முதலில் எழுத்துச்சரமாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும்.

முகடு (அதிக முறை வரும் மதிப்பு) வேண்டும் என்று ஆர் மொழியில் 'மோட்' கட்டளை கொடுத்தால் தரவின் சேமிப்பு வகையைத்தான் சொல்லும். எஸ்பிஎஸ்எஸ்-இல் முகடு பல இருந்தால் மிகச் சிறியது மட்டும் அட்டவணையில் வரும். அடிக்குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

தொடர் மாறியை வகுப்புகளாகப் பிரிக்கும்போது எல்லைகளில் கவனம் தேவை. 20, 30, 40 என்று எல்லை கொடுத்தால் ஆர், பாண்டாஸ் இரண்டின் 'கட்' கட்டளையும் இயல்பாக 30-ஐ முதல் வகுப்பில் சேர்க்கும். 20-ஐ எதிலும் சேர்க்காது. பிரித்த பின் வகுப்புகளின் கூட்டுத்தொகை பழைய எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இரு மென்பொருள்களின் விடை மாறினால் உடனே தரவைச் சந்தேகிக்க வேண்டாம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற தரவுக்கு பைத்தானின் நம்பை என்ற தொகுப்பு தரும் திட்ட விலக்கம் 2. பாண்டாஸ், ஆர், எஸ்பிஎஸ்எஸ் தருவது 2.14. முன்னது 8-ஆல் வகுக்கிறது, மற்றவை 7-ஆல். வரிசைப்படுத்திய தரவை நான்காகப் பிரிக்கும் கால்மானங்களும் அப்படியே. 1 முதல் 8 வரையிலான எண்களுக்கு முதல் கால்மானம் ஆர் மொழியில் 2.75, எஸ்பிஎஸ்எஸ்-இல் 2.25. மணி வடிவ இயல்நிலைப் பரவலின் தட்டை அளவை (பரவலின் வால்கள் எவ்வளவு கனமானவை என்ற அளவை) எஸ்பிஎஸ்எஸ் 0-ஐ மையமாக வைத்துச் சொல்லும், ஸ்டாட்டா 3-ஐ வைத்துச் சொல்லும். எந்த மென்பொருள், எந்த வகுத்தி என்பதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதினால், சரிபார்க்க வருபவர் வீணாக அலைய வேண்டியதில்லை.