தென் பிரான்ஸ் ஆர்கானிக் சிவப்பு ஒயின்: பார்த்து வாங்க, பதமாகப் பரிமாற

முதலில் லேபிளைப் பாருங்கள். பச்சை நிறத்தில் வெள்ளை நட்சத்திரங்களால் ஆன இலை இருந்தால், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் முத்திரை. பக்கத்திலேயே 'எஃப்ஆர்-பயோ' என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அது சான்றளித்த அமைப்பின் குறியீடு. மூடியின் உறையில் பீப்பாய் சுமக்கும் மனித உருவம் இருந்தால், சொந்தத் திராட்சையில் சொந்தமாக ஒயின் செய்பவருடையது என்று அர்த்தம். இவை இல்லாமல் 'இயற்கை' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள்.

ஆர்கானிக் என்றால், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. சாதாரண ஒயினுக்கு அது 150. தென் பிரான்ஸின் ஒயின் பகுதிகளான கொர்பியேர், மினெர்வுவா பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களில் பலர் இதைவிடக் குறைவாகவே சேர்க்கிறார்கள். சல்ஃபைட் குறையக் குறைய ஒயின் சூட்டைத் தாங்காது. அதனால் 12 முதல் 14 டிகிரியில், வெளிச்சம் படாமல், கார்க் நனையும்படி படுக்க வைத்துப் பாதுகாக்க வேண்டும். கார்க் வெளியே துருத்தி நின்றால் வெயிலில் கிடந்த பாட்டிலாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

வடிகட்டாத ஒயினில் கசடு இருக்கும். திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் அடியில் படிந்துவிடும்.

அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்வது குளிர்ந்த கல் வீடுகளுக்குப் பொருந்தும். 25 டிகிரி அறையில் ஆல்கஹாலின் காட்டம்தான் மூக்கில் ஏறும். 16 டிகிரி போதும். கிரெனாஷ், சான்சோ திராட்சை வகைகள் அதிகமுள்ள மென்மையான ஒயினுக்கு 14கூடச் சரி. ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸில் இடைவெளி இருப்பதால் மெதுவாகத்தான் குளிரும்.

திறந்ததும் அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாசனை வந்தால் கொட்டிவிடாதீர்கள். காற்றுப் படாமல் இருந்ததால் வருவது அது. அகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். நாக்கில் சுருக்கென்று குத்தினால் மிஞ்சிய கரியமில வாயு. ஜாடியைச் சுழற்றினால் அடங்கும். நனைந்த அட்டை வாசனைக்கு மட்டும் மருந்தில்லை. எலி வாடையோ இன்னும் மோசம்: முகர்ந்தால் தெரியாது, விழுங்கிச் சில நொடி கழித்துத்தான் பின்நாக்கில் தட்டும். அதற்கும் வழி கிடையாது.

மிச்சத்தை கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.