பைக்கின் முன் சஸ்பென்ஷனை மாற்றலாமா? முதலில் அளந்து பாருங்கள்

பிரேக் பிடித்தால் முன்பக்கம் தொபுக்கென்று இறங்குகிறது. சின்னப் பள்ளம் ஏறினாலும் மணிக்கட்டு வலிக்கிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், நேராக கார்ட்ரிட்ஜ் கிட் (ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களுக்குள் மாட்டும் புது டேம்பிங் அமைப்பு) தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவது பெரும்பாலும் ஸ்பிரிங், இரண்டாவது டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஆயில் அடக்குவது) அல்லது உராய்வு, மூன்றாவது பல சமயம் டயர் காற்று. எது என்று தெரியாமல் செலவு செய்தால் கிட் மாட்டிய பிறகும் அதே குறை அப்படியே இருக்கும்.

காசில்லாமல் முடிகிற வேலைகள்

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல ஒரு இடத்தில் நின்றால் ஸ்டீரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது டக் டக்கென்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. இவை இரண்டும் 'ஃபோர்க் சரியில்லை' என்ற உணர்வை அப்படியே கொடுக்கும்.

அடுத்தது ஃபோர்க் ஆயில். இரண்டு, மூன்று வருடம் மாற்றாத ஆயில் கறுத்து, நீர்த்து, டேம்பிங்கைக் குறைத்திருக்கும். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு ஃபோர்க்கை எடை போடக் கூடாது.

சாக் அளப்பது

சாக் என்பது எடை ஏறியதும் ஃபோர்க் தானாக இறங்கும் அளவு. உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் வேண்டிய வேலை இது. எப்போதும் போடுகிற ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது பளபளப்பான உள்குழாய் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளங்கள். 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியை இறக்கி, ஓட்டும் நிலையில் ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன்பக்கத்தை அழுத்தி மெதுவாக விடட்டும்: 82. மேலே தூக்கி மெதுவாக விடட்டும்: 88. சராசரி 85. ஆகவே சாக் 35 மி.மீ.

ஸ்போர்ட் பைக்குகளின் முன் ஃபோர்க் முழுதாக நீண்டதிலிருந்து முழுதாக அமுங்கும் வரை ஏறக்குறைய 120 மி.மீ. ஓடும். சாலைக்கு 35 மி.மீ.க்கு ஒட்டிய சாக் நல்ல தொடக்கம், ட்ராக்குக்கு 30.

அந்த 82-க்கும் 88-க்கும் உள்ள இடைவெளியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது ஃபோர்க்கின் உள் உராய்வு. 6 மி.மீ. பரவாயில்லை. 12, 15 என்று வந்தால் ஃபோர்க் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. முன் ஆக்ஸிலை இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், முன் பிரேக் பிடிக்காமல் ஃபோர்க்கை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள், ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தாமாக நேராகிக்கொள்ளும். பிறகு மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்) முறுக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது கால் ஒருபக்கம் இழுபட்டு நின்றதுதான் 'கல்லு மாதிரி ஃபோர்க்' என்ற புகாருக்குப் பல நேரம் காரணம். அப்படியும் குறையாவிட்டால் புஷ், சீல், வளைந்த குழாய் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ப்ரீலோடு ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை

இங்கேதான் அதிகமாகக் குழம்புகிறார்கள். ப்ரீலோடு என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திக் கட்டி வைக்கும் அளவு. ஒரு கணக்கு: ஓட்டுபவரோடு சேர்த்து ஃபோர்க் மீது 85 கிலோ விழுகிறது. மி.மீ.க்கு 0.75 கிலோ ஸ்பிரிங் இரண்டு சேர்ந்தால் 1.5. சாக் 35 வர 22 மி.மீ. ப்ரீலோடு கொடுக்க வேண்டும். அதையே 0.90 ஸ்பிரிங்கில் செய்தால் இரண்டும் சேர்ந்து 1.8, ப்ரீலோடு 12 போதும். நிற்கும்போது சாக் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பலமாக பிரேக் பிடித்து 100 மி.மீ. இறங்கிய நிலையில் முதல் ஜோடி தாங்குவது 183 கிலோ, இரண்டாவது 202. அந்த 19 கிலோதான் தொபுக்கென்று விழுவதைத் தடுப்பது. இன்னொரு பக்கம், 22 மி.மீ. அழுத்திக் கட்டிய மென்மையான ஸ்பிரிங் மேட்டைத் தாண்டியதும் ஃபோர்க்கை வேகமாக மேலே தள்ளி, நுனியில் டங்கென்று முட்ட வைக்கும்.

ஆகவே ஆள் ஏறாமல் வண்டி மட்டும் நிற்கும் சாக்கையும் அளங்கள். ஓட்டுபவரோடு 35 சரியாக வந்தும், ஆள் இல்லாமல் 15-க்குக் கீழே என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மை. ப்ரீலோடு முழுதாக ஏற்றியும் சாக் 40-ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம், ஸ்பிரிங் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குகள் பொதுவாக 0.05 கிலோ படிகளில் கிடைக்கும். எல்லா மாற்றங்களிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்குகிறது

உள்குழாயில், டஸ்ட் சீலை ஒட்டி ஒரு மெல்லிய கேபிள் டை கட்டி, வழக்கமான சாலையில் ஓட்டுங்கள், ஓரிரு முறை பலமாக பிரேக் பிடியுங்கள். சீல் டையைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய இடம்தான் உச்ச இறக்கம். மேனுவலில் உள்ள மொத்த ஓட்டத்தில் 10 முதல் 20 மி.மீ. மிச்சம் இருந்தால் சரி. சாக் சரியாக இருந்தும் அடிமட்டம் தட்டினால் ஆயில் மட்டத்தை 5 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் வரை அளப்பதே மட்டம், இரண்டு காலிலும் ஒரே அளவு. மேலே உள்ள காற்று சுருங்கிக் கடைசி ஓட்டத்தில் மட்டும் கடினம் கூட்டும். 40 மி.மீ. ஓட்டம் பயன்படாமலே மிஞ்சினால், ஸ்பிரிங் கடினம் அல்லது ஆயில் மட்டம் அதிகம்.

டேம்பிங்தான் குறை என்றால்

உங்கள் ஃபோர்க் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். எஸ்வி650, நிஞ்ஜா 300 போன்றவற்றில் இருப்பது டேம்பிங் ராட் வகை. நிலையான துளைகள் வழியே ஆயில் ஓடுகிறது. மெதுவாக இறங்கும்போது தடையே இல்லை, கூர்மையான மேடு வந்தால் ஆயில் போக வழியின்றிச் சுவராகிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் பிரேக்கில் இறங்குவது குறையும், பள்ளம் இன்னும் குத்தும். இதற்கு எமுலேட்டர் வால்வு (ராடின் மேல் உட்கார்ந்து, அழுத்தத்துக்கேற்பத் திறக்கும் சின்ன வால்வு) நல்ல தீர்வு. ராடின் கீழுள்ள கம்ப்ரெஷன் (ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் ஓடும்) துளைகளை வால்வோடு வரும் குறிப்பின்படி (பொதுவாக ஆறு துளை, 8 மி.மீ.) பெரிதாக்கி, பிசிறை முழுக்க எடுத்துவிட வேண்டும். ஒரு சின்ன உலோகத் துணுக்கு போதும், புஷ்ஷைக் கீறிவிடும். மேலுள்ள ரீபவுண்ட் (ஃபோர்க் திரும்ப நீளும்போது ஆயில் ஓடும்) துளைகளைத் தொடக் கூடாது. எமுலேட்டரின் உயரத்துக்கு, ஸ்பிரிங்கோடு இருக்கும் ஸ்பேசர் குழாயைக் குறைக்க மறந்தால் ப்ரீலோடு எகிறிவிடும். ரீபவுண்டை இதற்குப் பிறகும் ஆயிலின் தடிமன்தான் நிர்ணயிக்கும். புட்டியில் எழுதியுள்ள '5 டபிள்யூ', '10 டபிள்யூ' கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 40 டிகிரியில் சென்டிஸ்டோக் (தடிமனின் அளவு) எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபோர்க்கில் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே இருந்து, டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் இருந்தால், அவற்றை மெதுவாக முழுதாக மூடி (அழுத்தித் திருகினால் ஊசி சேதமாகும்) அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை அழுத்தி விட்டதும் ஒரே ஏற்றத்தில் மேலே வந்து நிற்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் ரீபவுண்ட் குறைவு. சோம்பலாக ஏறினால் அதிகம். அப்போது தொடர் மேடுகளில் ஃபோர்க் நிமிர நேரமின்றிப் படிப்படியாக அமிழ்ந்து, கடைசி மேட்டில் கல்லாகிவிடும். திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோயும் வித்தியாசமே தெரியாவிட்டால் உள்ளே தேய்மானம்.

புதிய ஆயில், சரியான ஸ்பிரிங், திருகு கடைசிக் கிளிக்கில், அப்படியும் போதவில்லை: கார்ட்ரிட்ஜ் கிட் வாங்க இதுதான் சரியான தருணம். கழற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் என்றால் ஷிம்களை (வால்வில் உள்ள மெல்லிய தகடுகளை) மட்டும் மாற்றி அமைப்பதும் போதுமாக இருக்கும். ட்ராக்கில் தொடர்ந்து ஓட்டுபவருக்கே முழு கிட் நியாயம். பின் ஷாக் தேய்ந்திருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

வேறு வண்டியின் முழு ஃபோர்க்கைப் பொருத்துவது கடைசி வழி. ட்ரிபிள் கிளாம்ப் (ஃபோர்க்கை வண்டியோடு பிடித்திருக்கும் தாங்கி) விட்டம், ஆக்ஸில், ரேடியல் காலிப்பர் போல்ட் இடைவெளி 100-ஆ 108 மி.மீ.ஆ, ஏபிஎஸ் சென்சார், ஃபோர்க் நீளம் எல்லாம் ஒத்துவர வேண்டும். ஆஃப்செட் (ஸ்டீரிங் அச்சிலிருந்து ஃபோர்க் தள்ளியிருக்கும் தூரம்) மாறினால் டிரெயில் (ஸ்டீரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) மாறி, வண்டி திரும்பும் விதமே மாறிவிடும்.

சாக் குறைந்திருந்தால் முன்பக்கம் முன்பைவிட உயரமாக நிற்கும் என்பதை எதிர்பாருங்கள். வளைவில் திரும்பச் சோம்பினால் ஃபோர்க்கைக் கிளாம்ப் வழியே 2 அல்லது 3 மி.மீ. மேலே ஏற்றுங்கள், முழு இறக்கத்தில் டயர் ரேடியேட்டரைத் தொடவில்லை என்று பார்த்துவிட்டு, கேபிள் டையை மறுபடி சீலை ஒட்டி நகர்த்தி ஓட்டிப் பாருங்கள்.